வேண்டாதவை எங்கே போயின? – வாசகர் கேள்வி பதில்

குப்பையைப் பற்றிச் சில மாதங்களாக வந்து சேர்ந்த கேள்விகளில் பல ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தமையால், அவற்றை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். ஒரே செய்தியைப் பலர் வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒரு கேள்வியாகச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நகராட்சியும் குப்பை வண்டியும் இல்லாத காலத்தில் மனிதர்கள் வேண்டாத பொருள்களை என்ன செய்தார்கள்? ஆதி மனிதனுக்குக் குப்பை என்று ஒன்று இருந்ததா?

பதில்: இருந்தது, ஆனால் அதை அப்புறப்படுத்த வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. வேட்டையாடியும் கனி, கிழங்கு சேகரித்தும் வாழ்ந்த கூட்டத்தார் ஓரிடத்தில் சில வாரங்களோ சில மாதங்களோ தங்கிவிட்டு, இரை குறைந்ததும் இடம் பெயர்ந்தார்கள். தின்று எறிந்த எலும்பும் உடைந்த கற்கருவிகளும் அங்கேயே கிடந்தன. குப்பையை அகற்றுவதற்குப் பதிலாக மனிதன் தானே அகன்றுவிட்ட காலம் அது. இருப்பினும், உணவு குறையாமல் கிடைத்த கடலோரங்களுக்கு மீண்டும் மீண்டும் வந்து தங்கியவர்கள் சிப்பிகளைத் தின்று ஓடுகளை ஒரே இடத்தில் எறிந்ததால், அவை நூற்றாண்டுக் கணக்கில் குவிந்து மேடுகளாயின. டென்மார்க்கின் கரையோரங்களில் காணப்பட்ட அத்தகைய மேடுகள் கடல் ஒதுக்கியவையா, மனிதர் குவித்தவையா என்று ஆராய்வதற்காக 1848இல் விலங்கியல், நிலவியல், தொல்லியல் அறிஞர்கள் மூவர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. ஓடுகளுக்கிடையே கற்கருவிகளும் அடுப்புக் கரியும் கிடைத்த பின்னரே அவை உண்டு எறிந்தவற்றின் குவியல்கள் என்பது உறுதியாயிற்று. ஜப்பானில் 1877இல் எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்க விலங்கியல் அறிஞர் யோகோஹாமாவிலிருந்து டோக்கியோவுக்கு ரயிலில் போகும்போது, ஓமோரி என்னுமிடத்தில் இருப்புப்பாதைக்காக வெட்டப்பட்ட கரையில் சிப்பி ஓடுகள் வெளித்தெரிவதைச் சன்னல் வழியே கண்டார். அந்நாட்டில் அறிவியல் முறையிலான அகழாய்வு அந்தக் குப்பைமேட்டில்தான் தொடங்கியது.

மனிதன் நிலையாக ஓரிடத்தில் வீடு கட்டிக்கொண்ட பிறகே குப்பை ஒரு சிக்கலாயிற்று. இன்றைய துருக்கியில் உள்ள சத்தால்ஹூயூக் என்னும் தொல்குடியிருப்பு ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முந்தியது. அங்கே வீடுகள் நெருக்கமாக ஒட்டிக் கட்டப்பட்டிருந்தன. கூரையில் இருந்த திறப்பின் வழியாக ஏணியில் இறங்கித்தான் உள்ளே போக முடியும். வீட்டின் தரையைப் பெருக்கி, திரும்பத் திரும்பச் சாந்து பூசி வைத்திருந்த அதே மக்கள், சாம்பலையும் எலும்பையும் மலத்தையும் வீடுகளுக்கிடையே இருந்த வெற்றிடங்களிலும் கைவிடப்பட்ட வீடுகளின் குழிகளிலும் கொட்டியிருக்கிறார்கள். தன் சுவருக்கு உட்புறம் அத்தனை தூய்மை, வெளிப்புறம் அத்தனை அழுக்கு என்ற இந்த ஏற்பாட்டைக் கண்டு வியப்பதற்கு நமக்கு அதிக உரிமை இல்லை.

கேள்வி: ரோம் நகரில் உடைந்த பானைகளாலேயே ஆன ஒரு குன்று இருப்பதாகப் படித்தேன். அது உண்மையா? ஏன் அவற்றைத் திரும்பப் பயன்படுத்தவில்லை?

பதில்: உண்மை. அதன் பெயர் மோன்தே தெஸ்தாச்சியோ. தைபர் ஆற்றங்கரையில், பழைய ஆற்றுத் துறைமுகத்துக்கு அருகே நிற்கும் அக்குன்று ஏறத்தாழ 35 மீட்டர் உயரமும் ஒரு கிலோமீட்டர் சுற்றளவும் கொண்டது. அதில் 5 கோடிக்கும் மேற்பட்ட சாடிகளின் ஓடுகள் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்புகளுள் ஒன்று.

உணவுக்கும் விளக்குக்கும் உடலில் பூசுவதற்கும் ரோம் நகரம் ஒலிவ எண்ணெயையே நம்பியிருந்தது. அதில் பெரும்பங்கு தென் ஸ்பெயினிலிருந்து, சுட்ட மண்ணாலான பருத்த சாடிகளில் கப்பல் வழியாக வந்தது. வெறுஞ்சாடியே சுமார் 30 கிலோ எடை இருக்கும். அதில் ஏறத்தாழ 70 கிலோ எண்ணெய் கொள்ளும். மண்சுவருக்குள் ஊறிய எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கிவிடும் ஆதலால் அதே சாடியில் மீண்டும் எண்ணெய் நிரப்ப முடியாது. இத்தனை எடையுள்ள வெறுஞ்சாடியைக் கடல் கடந்து திருப்பி அனுப்புவதும் கட்டுப்படியாகாது. வேறு வகைச் சாடிகளை இடித்துச் சுண்ணாம்புக் காரையில் கலந்துவிடும் வழக்கம் ரோமானியரிடம் இருந்தது. எண்ணெய் ஊறிய ஓடு அதற்கும் உதவவில்லை. ஆகவே, நகர நிர்வாகம் அவற்றுக்கென ஓரிடத்தை ஒதுக்கி, ஓடுகள் நிரப்பிய முழுச் சாடிகளை வரிசையாக அடுக்கித் தாங்குசுவர் எழுப்பி, படிப்படியாக மேலே கொண்டுபோயிற்று. நாற்றம் எழாதிருக்க இடையிடையே சுண்ணாம்பும் தூவப்பட்டது. திட்டமிட்டு நடத்தப்பட்ட குப்பைக் கிடங்கு என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். சாடிகளின் மேல் எடை, வணிகரின் பெயர், ஆண்டு ஆகியவற்றை மையால் எழுதியிருந்தார்கள். ஹைன்ரிஹ் டிரெஸ்ஸல் என்ற ஜெர்மானிய அறிஞர் 1872 முதல் அந்த எழுத்துகளைப் படித்து வெளியிட்டதால், ரோமின் எண்ணெய் வணிகக் கணக்கு நமக்குக் குப்பையிலிருந்தே கிடைத்திருக்கிறது.

இக்குன்றைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. அதே ரோமானியர் காலத்தில் உடைந்த கண்ணாடியை வாங்க ஆள் இருந்தது. அட்ரியாட்டிக் கடலில் கிராதோ நகருக்கு அருகே மூழ்கிய ரோமானியக் கப்பல் ஒன்றில், உருக்கி வார்ப்பதற்காக ஏற்றப்பட்ட உடைந்த கண்ணாடித் துண்டுகள் ஒரு மரப்பீப்பாய் நிறையக் கிடைத்திருக்கின்றன. எண்ணெய்ச் சாடியின் ஓட்டை வாங்கத்தான் எவரும் இல்லை. அதனால் அது குன்றாயிற்று. குப்பையைப் பற்றிய கேள்வி எதுவானாலும், இந்தப் பொருளை அடுத்து வாங்கிக்கொள்பவர் யார் என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும் என்பது என் கருத்து. பின்வரும் பதில்களில் இதையே பல இடங்களில் காண்பீர்கள்.

கேள்வி: பழங்காலத்து நகரங்களில் மக்கள் எல்லாவற்றையும் சன்னல் வழியே தெருவில் கொட்டினார்களாமே? கேட்பதற்குச் சட்டமே இல்லையா?

பதில்: சட்டங்கள் ஏராளமாக இருந்தன, அவை இருந்ததே கொட்டினார்கள் என்பதற்குச் சான்று. கி.மு. 4ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில், சாணமும் மலமும் அள்ளுவோர் நகர மதிலிலிருந்து 10 ஸ்டேடியம் தொலைவுக்குள், அதாவது ஏறத்தாழ 2 கிலோமீட்டருக்குள், அவற்றைக் கொட்டாதபடி பார்த்துக்கொள்ளத் தனி அதிகாரிகள் இருந்தார்கள். மாடியிலிருந்து கொட்டியதாலோ எறிந்ததாலோ வழிப்போக்கருக்குச் சேதம் நேர்ந்தால், அந்த வீட்டில் குடியிருப்பவர் இரு மடங்கு ஈடு தர வேண்டும் என்றும், சுதந்திரக் குடிமகன் ஒருவன் இறந்துவிட்டால் 50 பொற்காசு தர வேண்டும் என்றும் ரோமானியச் சட்டம் விதித்தது. எறிந்தவர் யாரென்று கண்டுபிடிக்க முடியாது என்பதை உணர்ந்து, குடியிருப்பவரையே பொறுப்பாக்கிய அந்தச் சட்ட அறிவு பாராட்டத்தக்கது. இங்கிலாந்தில் 1388இல் கேம்பிரிட்ஜில் கூடிய நாடாளுமன்றம், சாணம், குடல் முதலானவற்றை அகழிகளிலும் ஆறுகளிலும் எறியக் கூடாதென்று நாடு முழுமைக்கும் சட்டம் இயற்றியது. சட்டம் இருந்த இடங்களிலெல்லாம் வண்டியும், அள்ளுவதற்கு ஆளும், கொட்டுவதற்கு இடமும் இருந்தனவா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. தெருவில் மேய்ந்த பன்றியும் நாயும் செய்த துப்புரவே பல நகரங்களில் மிகுதி; நியூயார்க்கில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் பன்றிகள் தெருவில் திரிந்தன.

கேள்வி: மனிதக் கழிவுக்குக்கூட விலை இருந்தது என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: நம்பலாம். ஜப்பானில் அது வழக்குக்குரிய சொத்தாகவே இருந்தது. எடோ (இன்றைய டோக்கியோ), ஒசாகா ஆகிய பெருநகரங்களைச் சுற்றிய வயல்களுக்குப் போதுமான கால்நடை எரு கிடைக்கவில்லை. அதனால் உழவர்கள் நகரத்து மலத்தை விலை கொடுத்து வாங்கிச் சென்றார்கள். ஒசாகாவின் வாடகைக் குடியிருப்புகளில் மலத்தை விற்கும் உரிமை வீட்டுக்காரருக்கும், சிறுநீரை விற்கும் உரிமை குடியிருப்பவருக்கும் உரியதாக இருந்தது. குடியிருப்போரின் எண்ணிக்கை குறைந்தால் வீட்டுக்காரர் வாடகையை உயர்த்துவதும் உண்டாம். அவருக்கு வருமானம் குறைகிறதல்லவா? நகரத்தின் எந்தப் பகுதியில் யார் அள்ளுவது என்பதில் 1724இல் இரண்டு கிராமக் கூட்டத்தார் மோதிக்கொண்டார்கள். நல்ல உணவு உண்ணும் செல்வர் வீட்டுக் கழிவுக்கு விலையும் அதிகம். தெருவில் மலத்தைக் கொட்டுவது அங்கே பணத்தைக் கொட்டுவதற்கு ஒப்பாக இருந்ததால், அக்காலத்து ஐரோப்பிய நகரங்களைவிட அந்நகரங்கள் துப்புரவாக இருந்தன.

ரோமில் சிறுநீருக்கு அத்தகைய மதிப்பு இருந்தது. அது புளித்தால் உண்டாகும் அம்மோனியா துணியிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் என்பதால், துணி வெளுப்போர் அதைச் சேகரித்தார்கள், கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட வெஸ்பாசியன் அதற்கு வரியும் விதித்தார். இது இழிவல்லவா என்று குறைப்பட்ட மகனின் மூக்கருகே அவர் நாணயத்தை நீட்டி, நாற்றம் அடிக்கிறதா என்று கேட்டதாகப் பழைய வரலாறு கூறுகிறது.

இந்த வாணிகம் மறைந்ததற்கு அருவருப்பைவிட வேறு இரண்டு காரணங்கள் பெரியவை. முதலாவது, கழிப்பறையில் தண்ணீர் ஊற்றித் தள்ளும் முறை. நீரோடு கலந்து நீர்த்துப்போன கழிவை எந்த உழவனும் வண்டியில் ஏற்றமாட்டான்; அது ஆற்றுக்குத்தான் போக வேண்டும். லண்டனில் அப்படித் தேம்ஸ் ஆற்றுக்குப் போனதன் விளைவாக 1858ஆம் ஆண்டுக் கோடையில் நாடாளுமன்றமே மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஜோசப் பாசல்ஜெட் வடிவமைத்த பெரும் பாதாளச் சாக்கடைகள் அதன் பின்னர்தான் கட்டப்பட்டன. இரண்டாவது காரணம் மாற்று உரம். 1840களில் பெருவிலிருந்து கடற்பறவைகளின் எச்சம் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு வந்தது. 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவ் தொழிற்சாலையில் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யத் தொடங்கினார்கள். உழவன் வேறு கடைக்குப் போய்விட்டான். நகரம் தன் சரக்கை வைத்துக்கொண்டு விழித்தது.

கேள்வி: முற்காலத்து மனிதர்கள் எதையும் வீணாக்கவில்லை, இக்காலத்தவர்தாம் வீணாக்குகிறோம். இதை ஒப்புக்கொள்கிறீர்களா?

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். வீணாக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அது நற்பண்பினால் மட்டும் அன்று. அன்று பொருளின் விலை அதிகம், மனித உழைப்பின் கூலி குறைவு. ஒரு துண்டுத் துணியைக் காப்பாற்ற ஒரு மணி நேரம் செலவிடுவது அன்று இலாபம், இன்று நட்டம்.

தோலில் எழுதிய காலத்தில் புதிய தோலின் விலை மிகுதி ஆதலால், பழைய ஏட்டின் எழுத்தைச் சுரண்டிவிட்டு அதன்மேலேயே எழுதினார்கள். ஆர்க்கிமிடீஸின் நூல்களைக் கொண்ட 10ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்று 1229இல் இப்படிச் சுரண்டப்பட்டு வழிபாட்டு நூலாயிற்று. அடியில் மங்கித் தெரிந்த எழுத்தை 1906இல் ஹெய்பர்க் என்ற டென்மார்க் அறிஞர் இனங்கண்டார். வேறு எங்கும் கிடைக்காத ஒரு கணித நூல் அதில் இருந்தது. சிக்கனம் அந்நூலை அழிக்கவும் முயன்றது, தெரியாமல் காப்பாற்றவும் செய்தது.

காகிதத்தின் கதையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டு வரை காகிதம் பெரும்பாலும் ஆளி நார்த் (லினன்) துணியின் கந்தலிலிருந்தே செய்யப்பட்டது. கந்தல் பொறுக்குவது ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பாக இருந்தது. கந்தல் போதாமல் ஆலைகள் தவித்ததால், அச்சிட்ட காகிதத்தைக் கரைத்து மீண்டும் காகிதமாக்கும் முறையை 1774இலேயே ஜெர்மானியர் ஒருவர் வெளியிட்டார். கம்பளிக் கந்தலும் தப்பவில்லை. இங்கிலாந்தின் பாட்லி நகரில் 1813இல் பெஞ்சமின் லா என்பவர் அதைப் பிரித்து மீண்டும் நூலாக்கினார். எலும்போ உரத்துக்கும் பசைக்கும் சர்க்கரை வெளுப்பதற்கும் போயிற்று.

இவை எல்லாவற்றையும்விட லண்டனின் சாம்பல்மேடுகள் சுவையானவை. அந்நகர வீடுகள் நிலக்கரி எரித்தமையால் குப்பையில் பெரும்பங்கு சாம்பலே. அதைச் சலித்தால் கிடைக்கும் நுண்ணிய தூளைச் செங்கல் சூளைக்காரர்கள் களிமண்ணோடு கலப்பதற்கும், பாதி எரிந்த கரித்துண்டுகளைச் சூளை மூட்டுவதற்கும் வாங்கினார்கள். மேட்டைச் சுற்றிப் பெரும்பாலும் பெண்களே நின்று சல்லடை பிடித்து, எலும்பு, கந்தல், உலோகம், கண்ணாடி என்று தனித்தனியே பிரித்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குப்பையை அள்ளும் உரிமைக்காக ஒப்பந்தக்காரர்கள் உள்ளூர் நிர்வாகத்துக்குப் பணம் கொடுத்தார்கள். பின்னர் அந்தச் சாம்பலுக்கு வரவேற்புக் குறைந்ததும், அள்ளுவதற்கு நிர்வாகம் அவர்களுக்குப் பணம் கொடுக்க நேர்ந்தது. குப்பை அதே குப்பைதான். பணம் போகும் திசை மட்டும் மாறிற்று. கந்தலுக்கும் அதே கதி. 1844இல் சாக்சனியைச் சேர்ந்த கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையைக் கண்டறிந்தார். அது பரவிய பின் கந்தலின் மதிப்பு சரிந்தது.

கேள்வி: குப்பைத் தொட்டியை முதலில் கட்டாயமாக்கியவர் யார்?

பதில்: முதன்முதல் என்று ஒருவரைச் சுட்ட இயலாது, மொகஞ்சதாரோவிலேயே வீட்டுச் சுவரில் குப்பை தள்ளும் துளையும் தெருவில் அதைத் தாங்கும் தொட்டியும் இருந்தன. நவீன நகரங்களில் புகழ்பெற்ற ஆணை, பாரிஸை உள்ளடக்கிய பகுதியின் ஆட்சியர் யூஜேன் புபெல் 1883 நவம்பரில் பிறப்பித்தது. மூடியுள்ள தொட்டியை வீட்டு உரிமையாளர் தர வேண்டும் என்பதோடு, மக்கும் குப்பை ஒன்றில், காகிதமும் கந்தலும் ஒன்றில், கண்ணாடியும் பீங்கானும் சிப்பி ஓடும் மற்றொன்றில் என்று பிரிக்கவும் அவர் முயன்றார். கந்தல் பொறுக்குவோர் தம் பிழைப்புப் போய்விடும் என்று கிளர்ந்தெழுந்தார்கள். தொட்டி நிலைத்தது, பிரித்துப் போடுவது நிலைக்கவில்லை. தரம் பிரிப்பது அண்மைக் காலத்துப் புது யோசனை என்று எண்ணுவோர் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளலாம்.

கேள்வி: தெய்வ உருவங்களையும் புனித நூல்களையும் குப்பையில் எறிய மனம் வருவதில்லை. பிற நாட்டினர் இதற்கு என்ன வழி கண்டார்கள்?

பதில்: பெரும்பாலும் புதைத்தார்கள், அல்லது ஓர் அறையில் போட்டு மூடினார்கள். எகிப்தின் கர்நாக் கோயிலில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பழைய சிலைகளை அர்ச்சகர்கள் முற்றத்தில் ஒரு பெருங்குழி தோண்டி இறக்கினார்கள். ஜார்ஜ் லெக்ரேன் 1903 முதல் அக்குழியைத் தோண்டியபோது, எழுநூறுக்கும் மேற்பட்ட கற்சிலைகளும் ஏறத்தாழ 17,000 வெண்கல உருவங்களும் வெளிவந்தன. யூதர்கள் இறைவன் பெயர் எழுதிய தாளை அழிப்பதில்லை. தேய்ந்த நூல்களைத் தனி அறையில் சேர்த்துவைத்துப் பின்னர் அடக்கம் செய்வார்கள். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அடக்கம் செய்யாமலே நூற்றாண்டுக் கணக்கில் போட்டுவைத்திருந்தார்கள். சாலமன் ஷெக்டர் 1896–97 குளிர்காலத்தில் அங்கிருந்து ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். வேதப் பகுதிகளோடு கடன் பத்திரம், திருமண ஒப்பந்தம், சிறுவர் எழுதிப் பழகிய தாள், மலபார் கரையில் தங்கி வணிகம் செய்தவரின் கடிதங்கள் என்று எல்லாம் அதில் இருந்தன.

ஜப்பானியர் ஒடிந்த தையல் ஊசிகளை, ஆண்டுக்கு ஒரு நாள் கோயிலில் மென்மையான சோயாக் கட்டியில் குத்திவைத்து, உழைத்ததற்கு நன்றி செலுத்தி விடைகொடுக்கிறார்கள். விற்கவும் இயலாது, எறியவும் மனம் இல்லை என்ற நிலைக்கு இவர்கள் கண்ட தீர்வுகள் எனக்கு மிகவும் பிடித்தவை.

கேள்வி: குப்பையிலிருந்து கிடைத்தவற்றுள் மிக மதிப்பு வாய்ந்தது எது?

பதில்: எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் என்னும் பழைய நகரின் குப்பைமேடுகள் என்பேன். கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரு ஆங்கிலேயர் 1896–97 முதல் அங்கே தோண்டி எடுத்த பாப்பிரஸ் என்னும் நாணல் தாளின் துண்டுகள் 5 இலட்சத்துக்கு மேல். மழை அரிதான மண்ணில், நிலத்தடி நீர் எட்டாத உயரத்தில் கிடந்ததால் அவை மக்கவில்லை. பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் சோபக்ளீஸ் எழுதி, நெடுங்காலம் தொலைந்துபோயிருந்த நாடகம் ஒன்றின் கணிசமான பகுதி அங்கே கிடைத்தது. படித்து வெளியிட வேண்டியவை இன்னும் ஏராளமாக எஞ்சியிருக்கின்றன.

கேள்வி: குப்பையை எரிப்பதும் மண்ணில் புதைப்பதும் எப்போது தொடங்கின? இரண்டில் எது மேல்?

பதில்: தனித்தனி வீடுகளில் இரண்டும் தொன்மையானவை. நகரத்துக் குப்பை முழுவதையும் உலையில் எரிக்கும் முறை 1874இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் தொடங்கியது. ஜெர்மனி அதை ஏற்ற விதம் கவனிக்கத்தக்கது. ஹாம்பர்க் நகரின் குப்பையைச் சுற்றுப்புற உழவர்கள் எருவாக எடுத்துச் சென்றுகொண்டிருந்தார்கள். 1892இல் காலரா தாக்கி ஏறத்தாழ 8,600 பேர் மாண்டதும், நோய் வரும் என்றஞ்சிய உழவர்கள் குப்பை வண்டிகளை உள்ளே விட மறுத்துவிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளுக்குள் அந்நகரம் எரிஉலை கட்டிக்கொண்டது.

நியூயார்க் கடலில் கொட்டியது. 1895இல் துப்புரவுத் துறைத் தலைவரான ஜார்ஜ் வேரிங், பணியாளர்களுக்கு வெள்ளுடை அணிவித்து, உணவுக் கழிவு, சாம்பல், உலர்ந்த குப்பை என்று வீட்டிலேயே பிரிக்கச் செய்து, தெருக்களை அடையாளம் தெரியாதபடி மாற்றினார். அவர் விலகியபின் அந்த ஒழுங்கு நெடுநாள் நிலைக்கவில்லை. கடலில் கொட்டிய குப்பை அண்டை மாநிலமான நியூஜெர்சியின் கரையில் ஒதுங்கவே, அம்மாநிலம் வழக்குத் தொடர்ந்து, உச்ச நீதிமன்ற ஆணையின் பேரில் 1934 ஜூலையிலிருந்து நகரக் குப்பையைக் கடலில் கொட்டுவது நின்றது. அதே நகரம் 1948இல் சில ஆண்டுகளுக்கு மட்டும் என்று சொல்லித் திறந்த ஃபிரெஷ் கில்ஸ் குப்பைக் கிடங்கு 2001 வரை இயங்கி, 890 ஹெக்டேர் பரப்பில் உலகின் மிகப் பெரிய கிடங்குகளுள் ஒன்றாயிற்று. தற்காலிகம் என்ற சொல்லைக் குப்பை விஷயத்தில் எப்போதும் ஐயத்தோடு கேட்க வேண்டும்.

பள்ளம் வெட்டி, குப்பையை அழுத்தி, அன்றன்றைக்கே மண்ணால் மூடும் முறையைக் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் ழீன் வின்சென்ஸ் 1937இல் ஒழுங்குபடுத்தினார். ஈயும் எலியும் நாற்றமும் புகையும் ஒருங்கே குறைந்ததால் உலகெங்கும் அது பின்பற்றப்பட்டது. அந்த முதல் கிடங்கை அமெரிக்க அரசு 2001இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. அதற்கு முன்பே, அங்கிருந்து மாசு கசிந்ததால், அதே அரசு அதை 1989இல் நச்சுக் கழிவு அகற்ற வேண்டிய இடங்களின் பட்டியலிலும் சேர்த்திருந்தது. எது மேல் என்ற தங்கள் கேள்விக்கு இதுவே ஓரளவு விடை: எரித்தால் புகையையும் நச்சுச் சாம்பலையும், புதைத்தால் கசிநீரையும் மீத்தேன் வாயுவையும் காவல் காக்க வேண்டும், எந்தக் காவலுக்கு ஒரு நகரத்திடம் பணமும் பொறுமையும் உள்ளதோ அதற்கு அது மேல்.

கேள்வி: புதைத்த குப்பை சில ஆண்டுகளில் மக்கி மண்ணாகிவிடும் அல்லவா?

பதில்: ஆகாது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ராத்ஜி என்ற தொல்லியல் பேராசிரியர் 1973 முதல் வீட்டுக் குப்பையையும், பின்னர் 1987 முதல் குப்பைக் கிடங்குகளையும் முறையாகத் தோண்டி ஆராய்ந்தார். பல பத்தாண்டுகள் கழிந்த செய்தித்தாள்கள் தலைப்பு மட்டுமன்றிச் செய்தியும் படிக்கும்படி இருந்தன. உணவுப் பண்டங்கள்கூட அடையாளம் தெரிந்தன. இறுக அழுத்தி மூடியபின் உள்ளே காற்றும் ஈரமும் போதாமையால் நுண்ணுயிர்கள் வேலை செய்ய இயலவில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் குழந்தைகளின் அரைத்துணிதான் (டயப்பர்) கிடங்கை நிரப்புகிறது என்று அப்போது பலர் நம்பினார்கள். தோண்டிப் பார்த்தபோது அது மிகச் சிறு பங்கே, காகிதமே 40 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. குடிப்பழக்கத்தைப் பற்றி வீட்டார் நேரில் சொன்ன கணக்கும் தொட்டியில் கிடந்த புட்டிகளின் கணக்கும் பொருந்தவில்லை என்பதையும் அவர் கண்டறிந்தார். எந்தக் கணக்கு குறைவாக இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: பணக்கார நாடுகள் தம் குப்பையை ஏழை நாடுகளுக்கு அனுப்புவதைத் தடுக்க வழியே இல்லையா?

பதில்: வழி இருக்கிறது, அது உருவானதற்குக் காரணமான நிகழ்வுகளுள் கியான் சீ என்ற கப்பலின் பயணமும் ஒன்று. பிலடெல்பியா நகர எரிஉலைகளின் சாம்பல் ஏறத்தாழ 14,000 டன்னை ஏற்றிக்கொண்டு 1986இல் புறப்பட்ட அக்கப்பலை நாட்டுக்கு நாடு விரட்டின. 1988 தொடக்கத்தில் ஹெயிட்டியில் உரம் என்று சொல்லிச் சுமார் 4,000 டன்னைக் கரையில் கொட்டிவிட்டு, அரசு தடுத்ததும் கிளம்பிப் போயிற்று. அதன் பின் பெயரை இரண்டு முறை மாற்றிக்கொண்டு, அதே ஆண்டு நவம்பரில் சிங்கப்பூரில் தென்பட்டபோது கப்பல் காலியாக இருந்தது. மீதியைக் கடலில் கொட்டியிருந்தார்கள். ஹெயிட்டியில் கிடந்த சாம்பல் 2000இல் அள்ளப்பட்டு, 2002இல் பென்சில்வேனியா மாநிலத்துக் குப்பைக் கிடங்கு ஒன்றிலேயே புதைக்கப்பட்டது. புறப்பட்ட மாநிலத்துக்கே திரும்பிவர அதற்குப் பதினாறு ஆண்டுகள் ஆயின.

ஆபத்தான கழிவைப் பெறும் நாட்டின் எழுத்துமூலமான முன் இசைவு இன்றி அனுப்பக் கூடாது என்னும் பாசல் உடன்படிக்கை 1989இல் ஏற்கப்பட்டு 1992இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா கையொப்பமிட்டும் இன்றுவரை அதை உறுதி செய்யவில்லை. பழைய பிளாஸ்டிக்கையும் காகிதத்தையும் நெடுங்காலம் வாங்கிவந்த சீனா, 2018 தொடக்கத்தில் பல வகைகளுக்குத் தடை விதித்ததும், ஹாம்பர்க் நகரம் 1892இல் பட்ட பாட்டைப் பல நாடுகள் ஒரே நேரத்தில் பட்டன.

கேள்வி: பிளாஸ்டிக் பொருள்களின் அடியில் அம்புகளாலான முக்கோணமும் உள்ளே ஓர் எண்ணும் காணப்படுகின்றன. அப்படியானால் அவை எல்லாம் மறுசுழற்சிக்குப் போகின்றன என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. அந்த எண் முறை 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் துறையினர் கொண்டுவந்தது. பொருள் எந்த வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது என்பதை மட்டுமே அது குறிக்கும். 2013இல் அம்புக்குறிகளை நீக்கி வெறும் முக்கோணமாக அதைத் திருத்தினார்கள். பழைய அச்சுகளில் வார்க்கப்படும் பொருள்களில் அம்புகள் இன்னும் தொடர்கின்றன. 2017இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2015 வரை உலகில் உற்பத்தியான பிளாஸ்டிக் 830 கோடி டன். அதில் கழிவானது 630 கோடி டன். அந்தக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது சுமார் 9 விழுக்காடு, எரிக்கப்பட்டது 12 விழுக்காடு, மீதி 79 விழுக்காடு கிடங்குகளிலும் வெளியிலும் கிடக்கிறது. எண் 1 இட்ட நிறமற்ற தண்ணீர்ப் புட்டியையும் எண் 2 இட்ட கெட்டியான புட்டிகளையும் ஆலைகள் விரும்பி வாங்குகின்றன. ஆகவே அவற்றைப் பிரித்துக் கொடுப்பது பயனுள்ளது. பல வகைப் படலங்களை ஒன்றாக ஒட்டிச் செய்யும் தின்பண்டப் பொட்டலங்களுக்கு எண் 7 இடுவதுண்டு. அந்தப் படலங்களைப் பிரித்தெடுக்கும் செலவு புதிய பிளாஸ்டிக்கின் விலையைவிட மிகுதியாகிவிடுவதால், அவற்றைக் கழுவி, உலர்த்தி, தனியாக வைத்தாலும் வாங்கிக்கொள்ளும் ஆலை மிக அரிது.